முதலில் திறப்பது பானெட்

2014 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ராஞ்சோ பெர்னார்டோ என்னும் குடியிருப்புப் பகுதியில் ஒரு ஜீப் ராங்க்ளர் களவு போனது. பாதுகாப்புக் கேமராவில் அது பதிவாகியிருந்தது. பதிவைப் போட்டுப் பார்த்த புலனாய்வாளர்களை ஒரு விஷயம் உறுத்தியது: திருடர்கள் கையில் சாவி இருந்தது.

சிப் பதித்த சாவி இல்லாமல் இன்ஜின் உயிர்பெறாத வண்டி அது. அப்படிப்பட்ட வண்டிகள் அந்த வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துகொண்டிருந்தன. முழுக்கதை வெளியே வர 2017 மே மாத இறுதி வரை ஆனது. மெக்சிகோ எல்லைக்கு அப்பால் உள்ள திஹுவானாவை மையமாகக் கொண்ட ஹூலிகன்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பலைச் சேர்ந்த 9 பேர் மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. 2014 முதல் சான் டியேகோ மாவட்டத்தில் திருடப்பட்டவை சுமார் 150 ராங்க்ளர்கள். மதிப்பு ஏறத்தாழ 45 லட்சம் டாலர்.

கும்பல் வேலையைப் பங்கிட்டுச் செய்தது. ஒருவர் குறித்துவைத்த வண்டியின், 17 எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த அடையாள எண்ணைத் தெரிந்துகொள்வார். ராங்க்ளரில் அது முன் கண்ணாடிக்குக் கீழே, வெளியில் நின்றே படிக்கும்படி இருக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு, கார் நிறுவனத்தின் சாவிக் குறியீட்டுத் தரவுத்தளத்திலிருந்து இரண்டு குறியீடுகளை எடுப்பார்கள்: ஒன்று சாவியின் பற்களை வெட்ட, மற்றொன்று அதன் சிப்பைப் பதிவுசெய்ய. களவுபோனவற்றில் கிட்டத்தட்ட 20 ஜீப்புகளுக்கு, மெக்சிகோவின் கபோ சான் லூகாஸ் நகரத்து விற்பனையகம் ஒன்றின் வழியாகவே மாற்றுச்சாவிக் குறியீடு கேட்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

கள்ளச்சாவி தயார். ஆனால் அதைப் போட்டுக் கதவைத் திறந்தால் அலாரம் அலறும். புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்தச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் தெருவே எழுந்துவிடக் கூடாது. ஆகவே கதவைத் தொடும் முன்பு அவர்கள் பானெட்டைத் தூக்கினார்கள். ஹாரனையும் மினுக்கும் விளக்குகளையும் செயலிழக்கச் செய்தார்கள். அதன் பிறகுதான் கதவு, அதன் பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள, கோளாறு கண்டறியும் இணைப்புத் துளையில் சாவி பதிவுக் கருவி, அதன் பிறகு எல்லை நோக்கிய சாலை.

லட்சக்கணக்கான ரூபாய் பெறுமான வண்டியின் மின்னணுக் காவலை வீழ்த்தும் வேலை, ஒரு தகட்டு மூடியைத் தூக்குவதில் தொடங்கியது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பானெட் பூட்டைப் பற்றி இங்கே பேசுவதற்குக் காரணம் இதுதான்.

பெரும்பாலான கார்களில் பானெட்டைத் திறக்க உள்ளே ஓட்டுநர் காலடியில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுத்தால் உறைக்குள் ஓடும் கம்பி ஒன்று முன்னால் உள்ள பிடியை விடுவிக்கும். சைக்கிள் பிரேக்கில் இருப்பதும் இதே கம்பிதான். 1896இல் காப்புரிமை பெற்ற எர்னஸ்ட் பௌடன் பெயரால் இன்றும் பௌடன் கேபிள் என்றே அழைக்கப்படுகிறது. கதவு பூட்டியிருந்தால் கைப்பிடியைத் தொட முடியாது என்பதால் கதவின் பூட்டே பானெட்டுக்கும் பூட்டாகிவிடுகிறது.

ராங்க்ளரில் அந்தக் கேபிள் கிடையாது. 2007இல் வந்த தலைமுறையிலும் சரி, 2018இல் வந்த தலைமுறையிலும் சரி, பானெட்டின் இரு பக்கமும் வெளியே தெரியும் இரண்டு கிளிப்புகள், நடுவில் விரலால் தள்ளும் ஒரு கொக்கி, அவ்வளவே. இது 1941இல் போருக்காக உருவான வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த அமைப்பு. போர்க்களத்தில் யார் வேண்டுமானாலும் ஓடிவந்து இன்ஜினைப் பார்க்க முடிய வேண்டும்; பூட்டு அங்கே இடையூறு. வில்லிஸ் உரிமத்தோடு மஹிந்திரா கட்டிய ஜீப்புகளில் ஏறி மலைப்பாதைகளில் பயணித்தவர்களுக்கு அந்தப் பக்கவாட்டுக் கிளிப்பைத் தட்டிவிடும் ஓசை நினைவிருக்கும். படைவீரனுக்கு வசதியாக இருந்த அமைப்பு, எழுபது ஆண்டுகள் கழித்துத் திருடனுக்கும் வசதியாகிப்போனது.

கேபிள் உள்ள கார்களும் முழுக்கப் பத்திரம் என்று சொல்ல முடியாது. கிரில்லின் இடைவெளியில் வளைந்த கம்பியை நுழைத்துக் கேபிளைக் கொக்கிபோட்டு இழுக்கும் வித்தை பல நாட்டுத் திருடர்களுக்குத் தெரியும். பானெட்டுக்குக் கீழே பேட்டரி இருக்கிறது, அலாரத்தின் ஹாரன் இருக்கிறது, பல வண்டிகளில் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியும் இருக்கிறது. மூன்றுமே திருடன் கைவைக்கும் பொருட்கள்.

இதற்காகத் தனியே விற்கப்படும் பூட்டுகளில் மூன்று வகை உண்டு. முதல் வகை, நடுக்கொக்கியை விரல் தள்ளவிடாமல் குறுக்கே ஓர் எஃகு நாக்கை நிறுத்தும். இரண்டாவது, வண்டியின் உடலிலிருந்து செங்குத்தாக எழும் ஊசித்தண்டு. பானெட்டில் இட்ட துளை வழியே மேலே எட்டிப்பார்க்கும் அதன் தலையில் சாவியுள்ள தொப்பி ஒன்று பூட்டிக்கொள்ளும். பந்தயக் கார்களின் பானெட் ஊசியிலிருந்து வந்தது இது. மூன்றாவதில் சாவித்துளை வண்டிக்குள் இருக்கும். அங்கிருந்து எஃகு உறையிட்ட கேபிள் ஒன்று முன்னே சென்று, கார் நிறுவனம் வைத்த பிடிக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு தாழ்ப்பாளை இயக்கும்.

எந்த வகையானாலும் இதயம் பெரும்பாலும் ஒன்றுதான்: தகட்டுப் பூட்டு. சாவி நுழையும் உருளைக்குள் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு செவ்வகத் துளை, பக்கத்தில் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் தகட்டைத் தள்ளி, அதன் முனையை உருளைக்கு வெளியே கூட்டின் பள்ளத்தில் நீட்டிவைக்கும், உருளை சுழலாது. சரியான சாவி நுழைந்தால் அதன் ஏற்ற இறக்கங்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குக் கொண்டுவர, எல்லா முனைகளும் உருளைக்குள் அடங்கிவிடும். ஒரு தகடு நூலளவு தவறினாலும் பூட்டு அசையாது. ஆறு தகடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு உயரம் என்று வைத்துக்கொண்டால் நான்கை ஆறு முறை பெருக்க வேண்டும்: 4096 விதமான சாவிகள். நடைமுறையில் பயன்படக்கூடியவை இன்னும் குறைவு. விலை மலிவான பூட்டுகளில் தகடுகளும் குறைவு, உயரங்களும் குறைவு; அடுத்த தெருக்காரரின் பூட்டுச் சாவியே சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு.

மில்வாக்கி நகரத்து ஸ்ட்ராட்டெக் நிறுவனம் இதே தத்துவத்தை ஓர் அழகான திருப்பத்தோடு கையாள்கிறது. அதன் பூட்டு கடையில் வாங்கும்போது எந்தச் சாவிக்கும் உரியதாக இராது. வண்டிச் சாவியை முதன்முறை நுழைத்துத் திருப்பும்போது, உள்ளே உள்ள ஆறு தகடுகளும் அந்தச் சாவியின் வெட்டுக்கு ஏற்ப நகர்ந்து நிலைத்துவிடுகின்றன. அன்றிலிருந்து அந்தச் சாவிக்கு மட்டுமே அது திறக்கும். சாவிக்கொத்தில் இன்னொரு சாவி சேராது. ராங்க்ளர் பானெட்டுக்கும் இந்தப் பூட்டு கிடைக்கிறது.

வசதி பெரிதுதான். ஆனால் சான் டியேகோ கதையை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கும்பல் வண்டிச் சாவியின் பற்களைக் குறியீட்டிலிருந்தே வெட்டிக்கொண்டு வந்தது. பானெட் பூட்டும் அதே சாவியில் திறக்கும் என்றால், அவர்கள் கையில் அதற்கும் சாவி இருக்கிறது. பேட்டரித் திருடனைத் தடுக்க ஒரே சாவிப் பூட்டு போதும். வண்டியையே கொண்டுபோக வருபவனைத் தடுக்க, கார் நிறுவனத்தின் தரவுத்தளம் அறியாத தனிச் சாவி வேண்டும். கூடுதலாக ஒரு சாவி சுமக்கும் சிரமத்தைப் பார்க்காமல் தனிச் சாவிப் பூட்டைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பூட்டின் எஃகு எவ்வளவு தடிமன் என்பதைவிட, அதன் சாவி எந்தப் பட்டியலிலும் இல்லை என்பது திருடனின் திட்டத்தை அதிகம் குலைக்கும். ஹாரனை அடக்க முடியாவிட்டால் அதற்கடுத்த எல்லாப் படிகளையும் அவன் பேரிரைச்சலுக்கு நடுவே செய்ய வேண்டியிருக்கும்.

பொருத்துவது வீட்டு முற்றத்திலேயே முடிகிற வேலை. ஒரு பிற்பகல் போதும். ஆனால் பானெட் வெறும் மூடி இல்லை என்பதை மனதில் இருத்திக்கொண்டு தொடங்க வேண்டும்.

காற்றைக் கணக்கில் எடுப்போம். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் வண்டியின் மீது மோதும் காற்று, சுமார் 460 பாஸ்கல் அழுத்தம் தருகிறது. ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 47 கிலோ எடையின் விசை அது. வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசியாகக் குறையும். 50இல் அது 12 கிலோதான். நகரத்துக்குள் ஒழுங்காக மூடியிருந்த பானெட் நெடுஞ்சாலையில் திடீரென்று மேலெழுந்து கண்ணாடியை மறைப்பது இதனால்தான். முன்புறம் திறக்கும் பானெட்டுக்கு ஒரு பிடி நழுவினாலும் தாங்கிக்கொள்ள இரண்டாவது பிடி இருக்க வேண்டும் என்று அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி எண் 113 சொல்கிறது. ராங்க்ளரின் நடுக்கொக்கி அந்த இரண்டாவது பிடி.

அந்தச் சின்னக் கொக்கி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நிசானின் ஆல்டிமா காருக்கு நேர்ந்தது சான்று. இரண்டாம் பிடியின் மூட்டில் தூசு சேர்ந்து, அதிர்வில் மேற்பூச்சு தேய்ந்து, துருப்பிடித்து, கொக்கி திறந்த நிலையிலேயே இறுகிவிடும் குறைக்காக 2020இல் அமெரிக்காவில் சுமார் 18 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பூட்டு வாங்கியவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் நேரடியானது. புதிதாக வைக்கும் நாக்கு கொக்கியின் குறுக்கே நிற்கலாம். கொக்கி தானாகத் திரும்பிவந்து மாட்டிக்கொள்வதை ஒருபோதும் தடுக்கக் கூடாது. பூட்டைத் திறந்து வைத்தாலும் பூட்டி வைத்தாலும், பானெட்டை இறக்கினால் கொக்கி பழையபடி விழ வேண்டும்.

முதல் வேலை பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது. வண்டியின் உடல் முழுக்க எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனையை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் உடலில் உரசினால் தீப்பொறி பறக்கும்.

அடுத்து இடம் பார்ப்பது. பெரும்பாலான நேரம் இதற்கே போகும், போகவும் வேண்டும். பானெட்டை மூடிய பிறகு உள்ளே எது எதைத் தொடுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு மெக்கானிக்குகள் கையாளும் எளிய வழி, பூட்டின் மேல் ஓர் உருண்டை களிமண் வைத்து மெல்ல மூடித் திறப்பது. வீட்டில் பிசைந்த சப்பாத்தி மாவும் அதைச் செய்யும். மாவு நசுங்கிய அளவே இடைவெளி. மேல்தகட்டுக்கும் கீழே உள்ள கடினமான பாகங்களுக்கும் நடுவே கார் வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே வெற்றிடம் விடுகிறார்கள். நடந்துபோகிறவர் மீது கார் மோதினால் அவர் தலை பானெட்டில் வந்து விழும். தகடு உள்வாங்கி அந்த அடியை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஐ.நா.வின் வாகன விதி எண் 127, குழந்தைத் தலைக்கு 3.5 கிலோவும் பெரியவர் தலைக்கு 4.5 கிலோவும் உள்ள மாதிரிகளை மணிக்கு 35 கிலோமீட்டரில் பானெட்டின் மீது எறிந்து சோதிக்கச் சொல்கிறது. ஆகவே பருமனான பூட்டை பானெட்டின் நடுப்பரப்புக்குக் கீழே வைக்காமல், ஏற்கெனவே கடினமாக இருக்கும் முன்விளிம்பில், அசல் கொக்கிக்குப் பக்கத்தில் வைப்பதே முறை. விபத்தின்போது வெடிமருந்து விசையால் பின்பகுதி தானே உயரும் பானெட் உள்ள கார் என்றால், வீட்டில் கை வைக்கவே வேண்டாம். பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவது நல்லது. பானெட் திறந்திருப்பதை அலாரத்துக்குச் சொல்லும் சிறு சுவிட்ச் சில கார்களில் முன்விளிம்பில் இருக்கும், அதையும் நகர்த்தக் கூடாது.

துளையிட வேண்டிய பூட்டு என்றால், குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் பஞ்ச் வைத்து ஒரு தட்டு. பஞ்ச் பள்ளம் இல்லாத இடத்தில் ட்ரில் பிட் வழுக்கி ஓடி பெயின்ட்டைக் கிழித்துவிடும். முதலில் 3 மில்லிமீட்டர் துளை. பிறகு பெரிதாக்க, படிப்படியாகப் பருத்துப்போகும் ஸ்டெப் பிட். சாதாரணப் பெரிய பிட் மெல்லிய தகட்டில் கடித்துக்கொண்டு துளையை முக்கோணமாக்கிவிடும். பானெட் பெரும்பாலும் இரண்டு தகடுகளால் ஆனது. கீழ்த்தகட்டில் போட வேண்டிய துளை மேல்தகட்டைத் தொட்டுவிடாமலிருக்க, பிட்டின் தண்டில் தேவையான ஆழத்தில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்வார்கள். கிரில்லில் துளையிடுகிறவர் அதன் பின்னால் ரேடியேட்டர் இருக்கிறது என்பதை மறக்காமல் நடுவே ஒரு மரப்பலகையைச் செருக வேண்டும்.

பூட்டு உருளையின் இரு பக்கங்கள் தட்டையாக இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. துளையும் அதே வடிவில், இரு பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். சிறிதாகத் துளைத்து அரத்தால் ராவித்தான் அந்த வடிவத்தைக் கொண்டுவர முடியும். வட்டத் துளையில் மாட்டிய பூட்டை ஒரு குறடால் பற்றி முழுதாகச் சுழற்றிவிடலாம். உள்ளே நாக்கும் கூடவே சுழன்றுவிடும். அங்கே சாவிக்கு வேலையே இல்லை. வீட்டில் பொருத்திய பூட்டுகள் ஏமாற்றும் இடம் பெரும்பாலும் இதுவே.

துளையிட்ட விளிம்பு இப்போது பெயின்ட் இல்லாத பச்சை உலோகம். பிசிரை அரத்தால் எடுத்துவிட்டு பிரைமரும் பெயின்ட்டும் தடவிக் காயவிட வேண்டும். எஃகுத் தகட்டுக்கு இது போதும். 2018இல் வந்த தலைமுறை ராங்க்ளரின் பானெட் அலுமினியம். அதற்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு அலுமினியத்தைத் தொட்டு நிற்க, நடுவே கடற்காற்றின் உப்பீரம் சேர்ந்தால் அந்த இடம் ஒரு சின்ன பேட்டரியாகிவிடுகிறது. இரண்டில் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும், அது அலுமினியம்தான். திருகு பளபளவென்று அப்படியே இருக்க, அதைச் சுற்றி பெயின்ட் கொப்புளித்து வெள்ளைப் பொடி உதிரத் தொடங்கும். நைலான் வாஷர் ஒன்றை இடையில் வைத்து இரு உலோகங்களையும் பிரித்துவிட்டால் மின்னோட்டம் நின்றுபோகும். சில காசு பெறும் வாஷர் பானெட்டையே காப்பாற்றுகிறது.

திருகுகளின் தலை வெளியே தெரிந்தால், பூட்டைத் திறக்கத் திருடனுக்கு ஸ்க்ரூட்ரைவர் போதும். தரமான பூட்டுகளோடு வரும் திருகில், போதிய அளவு முறுக்கியதும் தலை முறிந்து விழுந்துவிடும். பிறகு எதைக் கொண்டும் பிடிக்க முடியாது. அதனால் அந்தக் கடைசித் திருகலுக்கு முன், பேட்டரியை மறுபடி இணைத்து, பானெட்டை பத்து முறையாவது மூடித் திறந்து பார்த்துவிட வேண்டும். முதல் சில முறை பானெட்டை முழுதாக மூடாமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாக்கின் போக்குவரத்தை மட்டும் பார்ப்பது அவசியம். மூடிய பானெட்டுக்குள் தவறாகச் சிக்கிக்கொண்ட பூட்டை எடுக்க கிரில்லை உடைக்க நேரும். உள்ளே வேலை செய்யும் திருகுகளுக்கு அதிர்வில் தளராதபடி திருகுப் பசை ஒரு துளி. சாவித்துளைக்கு எண்ணெய் வேண்டாம். வண்டியின் முகத்தில் வந்து படியும் புழுதி எண்ணெயோடு குழைந்து தகடுகளை ஒட்டவைக்கும். கிராஃபைட் பொடி போதும்.

இவ்வளவு செய்த பிறகும் இந்தப் பூட்டால் ஆகாத காரியங்களைத் தெரிந்திருக்க வேண்டும். 2022இல் லண்டனில் இயன் டேபர் என்ற வாகன இணையப் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த டொயோட்டா ராவ்4 காரே திருடப்பட்டது. அதற்கு முன்பே முன்பம்பரும் முகப்பு விளக்கும் பிடுங்கப்பட்டிருந்தன. குறும்புக்காரர் யாரோ செய்த சேதம் என்றே முதலில் தோன்றியது. அவரும் கென் டிண்டெல் என்ற நிபுணரும் தோண்டிப் பார்த்தபோது, முகப்பு விளக்கின் வயர் இணைப்பு வழியாகவே காரின் உள்வலையமைப்புக்குள் பொய்ச் செய்திகளைச் செலுத்தி, சாவி அருகில் இருப்பதாக நம்பவைத்துக் கதவைத் திறந்தது தெரிந்தது. அந்தக் கருவி ஒரு ப்ளூடூத் ஒலிபெருக்கியின் கூட்டுக்குள் ஒளித்து விற்கப்பட்டது. 2023 ஏப்ரலில் டிண்டெல் இதை விரிவாக எழுதினார். பானெட்டைத் திறக்காமலே நடந்த திருட்டு அது. அங்கே பானெட் பூட்டு துணைக்கு வராது. கண்ணுக்குத் தெரியும் ஸ்டீயரிங் பூட்டு வரும்.

தீயணைப்பு வீரர்களையும் மறக்கலாகாது. விபத்து நடந்த இடத்தில் அவர்கள் தேடுபவற்றில் பேட்டரியும் ஒன்று, மின்சாரத்தைத் துண்டிக்க. சாவித்துளை வெளியே கண்ணில் படும்படி இருந்தால் அங்கே ஒரு பூட்டு இருக்கிறது என்றாவது தெரியும். வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது சாவியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு இருப்பதை அறியாத மெக்கானிக் பலத்தைக் காட்டி கொக்கியை வளைத்துவிடுவார்.

பொருத்திய அன்றே ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து எல்லாத் திருகுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டாவது சாவியை வீட்டில் ஆணியில் மாட்டுங்கள், வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவைக்க வேண்டாம். பானெட்டை அவசரமாகத் திறக்க வேண்டிய நாள் பெரும்பாலும் பேட்டரி செத்த நாளாக இருக்கும். அன்று ரிமோட்டுக்குக் கதவும் திறக்காது.